பார்க்கிங்குக்காகத் திண்ணை வீடுகளை இடிக்கலாமா?

கேள்வி: வேலூர் பழைய நகரப் பகுதியில் எங்கள் தனியார் பள்ளி இருக்கிறது. எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை 640 பிள்ளைகள். தெரு 18 அடி அகலம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் போட்டு வரிசையாகக் கட்டிய பழைய திண்ணை வீடுகள். மாலை பள்ளி விடும் நேரத்தில் 200 டூவீலர், 20 ஆட்டோ, 4 வேன், பத்துப் பன்னிரண்டு கார் வந்து நிற்கின்றன. தெருக்காரர்களோடு தினமும் தகராறு. பள்ளியை ஒட்டி இரண்டு பழைய வீடுகள் விலைக்கு வந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் 20 அடிக்கு 90 அடி. வாங்கி இடித்து பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்கிறது நிர்வாகக் குழு. இடிக்க விடமாட்டோம் என்கிறது தெரு. என்ன செய்யலாம்?
— நிர்வாகக் குழு உறுப்பினர், வேலூர்

பதில்: வீடுகளை வாங்குவதில் தவறில்லை. இடிப்பதில்தான் கணக்கு உதைக்கிறது.

இரண்டு மனையும் சேர்ந்தால் 3,600 சதுர அடி. திறந்தவெளியில் ஒரு காருக்கு, அது திரும்பும் வழியையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் என்று திட்டமிடுபவர்கள் கணக்கு வைப்பார்கள்; சுமார் 250 சதுர அடி. அப்படிப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது 14 கார் நிற்கும் இடம். டூவீலராகவே நிறுத்தினாலும், நடுவில் வழி விட்டால் 110க்கு மேல் நிற்காது. மீதி 90 வண்டி தெருவில்தான். உள்ளே நின்ற 110 வண்டியும் மணி அடித்ததும் ஒரே வாசல் வழியாக அதே 18 அடித் தெருவுக்குத்தான் வர வேண்டும். நெரிசல் தெருவை விட்டுப் போகாது, உங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு கணக்கும் போடுங்கள். காலையில் 20 நிமிடம், மாலையில் 30 நிமிடம், வருடத்துக்கு 220 வேலை நாள் என்றால் மொத்தம் 183 மணி நேரம். வருடத்தில் இருப்பது 8,760 மணி. நூற்றில் இரண்டு பங்கு நேரத்துக்காக இரண்டு வீட்டை மண்ணாக்குவது கட்டுப்படியாகிற காரியமல்ல.

முதலில், பார்க்கிங் என்று நீங்கள் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு தேவைகள் கலந்து கிடக்கின்றன. ஆசிரியர், ஊழியர் வண்டிகள் நாள் முழுக்க நிற்பவை. உண்மையான பார்க்கிங் இதுதான். காலையில் பெற்றோர் இறக்கிவிட்டுப் போவது முக்கால் நிமிட வேலை. அதற்கு நிற்க இடம் வேண்டாம், நகர்ந்து போக வழி வேண்டும். மாலையில் மணி அடிக்க இருபது நிமிடம் முன்பே வந்து, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பது மூன்றாவது. தெருவை அடைப்பது இந்த மூன்றாவதுதான். அதற்கு மருந்து நிலமல்ல, நேரம்.

ஆகவே மூன்று வேலை நாள் எண்ணிப் பாருங்கள். மழை நாள், தேர்வு நாள், சனிக்கிழமை வேண்டாம். மணி அடிப்பதற்கு அரை மணி முன்பிருந்து அரை மணி பின்பு வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, தெருவில் நிற்கும் வண்டிகளை வகை பிரித்து நோட்டில் குறிக்க வேண்டும். வந்து போனவற்றை எண்ணாதீர்கள், அந்த நிமிடத்தில் நின்றுகொண்டிருப்பவற்றை எண்ணுங்கள். பெரும்பாலான பள்ளிகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. 200 வண்டி வருகிறது என்பது வேறு, ஒரே சமயத்தில் 200 நிற்கிறது என்பது வேறு. கூடவே எந்த வகுப்புப் பிள்ளைக்கு எந்த வண்டி, அண்ணன் தம்பி அக்கா தங்கை யார் யார் என்று வகுப்பாசிரியர்கள் மூலம் ஒரு பட்டியல். இது இல்லாமல் அடுத்த படி நடக்காது.

அடுத்த படி, பள்ளி விடும் நேரத்தை மூன்றாக உடைப்பது. எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்பு வரை 3.30, மூன்று முதல் ஐந்து வரை 3.50, ஆறு முதல் பத்து வரை 4.10 என்று வைத்துக்கொள்வோம். தெருவில் இது என்ன மாற்றம் செய்யும் என்று அடிக்கணக்கில் பாருங்கள். டூவீலரைக் குறுக்காக நிறுத்தினால் சுவரிலிருந்து ஆறரை அடி நீளும், பக்கவாட்டில் இரண்டரை அடி எடுக்கும். 200 வண்டி இரண்டு பக்கமும் நின்றால் 250 அடி நீளத்துக்குத் தெரு நிரம்பி, நடுவில் மிஞ்சுவது ஐந்தடி. ஆம்புலன்ஸ் நுழையாது. மூன்று தவணையானால் ஒரு நேரத்தில் சுமார் 70 வண்டி. ஒரே பக்கமாக நிறுத்தினால் 175 அடி போதும், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் இடைவெளி விட்டாலும் 220 அடிக்குள் அடங்கும். மறுபக்கம் பதினொன்றரை அடி வழி எப்போதும் திறந்திருக்கும்.

இது கெட்டுப்போவது இரண்டு காரணத்தால். ஒன்று, தங்கைக்கு 3.30, அண்ணனுக்கு 4.10 என்றால் அம்மா 3.30க்கு வந்து 4.10 வரை நிற்பார், நெரிசல் கூடும். அதனால் உடன்பிறந்தவர் உள்ள சின்னப் பிள்ளைகளை ஒரு ஹாலில் ஆயாவோடு உட்கார வைத்து, பெரிய பிள்ளையின் மணிக்குச் சேர்த்து அனுப்ப வேண்டும். இரண்டு, 3.50க்கு வர வேண்டியவர் பழக்கதோஷத்தில் 3.20க்கே வந்துவிடுவது. தவணைக்கு ஒரு நிறத்தில் அட்டை கொடுத்து, பத்து நிமிடத்துக்கு முன் தெருமுனையைத் தாண்ட விடாமல் ஆள் நிறுத்தினால் இரண்டு வாரத்தில் படிந்துவிடும். இந்த வேலைக்கு வாட்ச்மேனைப் போடாதீர்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு வேலூரில் பஞ்சமில்லை. அப்படி இரண்டு பேரைப் பகுதி நேரமாக வைத்தால் விசிலுக்கு மரியாதை இருக்கும். நேர மாற்றத்தை முன்கூட்டியே கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஆட்டோ, வேன், கார் மூன்றையும் தெருவுக்குள்ளேயே விட வேண்டாம். 300 மீட்டருக்குள் ஓர் இடம் பிடியுங்கள். சின்னப் பிள்ளைக்கும் அது ஐந்து நிமிட நடை. முன்னால் ஓர் ஆயா, பின்னால் ஓர் ஆயா, நடுவில் கயிறு பிடித்து வரிசை. ஆட்டோக்காரர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், ஆனால் மாற்றுவதற்கு எளியவர்கள் அவர்கள்தான்: தினமும் அதே ஆட்கள், அதே பிள்ளைகள், ஒரு முறை பேசினால் போதும். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் எண்ணும் நிற்கும் கட்டமும் கொடுத்துவிடுங்கள்.

இடத்துக்கு நல்ல தேர்வு கல்யாண மண்டபத்தின் முன்வெளி. வேலை நாளில் பெரும்பாலும் சும்மா கிடக்கும், கேட் இருக்கும், கழிப்பறை இருக்கும். சிக்கல் முகூர்த்த நாள்கள்தான். ஆடியிலும் மார்கழியிலும் கவலையில்லை. தை, ஆவணியில் வாரநாள் முகூர்த்தம் சரமாரியாக வரும். ஒப்பந்தம் எழுதும்போதே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அந்தத் தேதிகளைக் குறித்து, அன்றைக்கு மாற்று இடம் எது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் தை மாதம் முதல் முகூர்த்தத்தன்றே மொத்த ஏற்பாடும் குலைந்து, மறுநாள் முதல் ஆட்டோக்கள் பழையபடி பள்ளி வாசலுக்கு வந்துவிடும். கோயில் நிலத்தைக் கேட்பதானால் அறநிலையத் துறையின் அனுமதி வேண்டும். தர்மகர்த்தாவின் வாய்மொழி ஒப்புதலை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

இனி வீடுகள் விஷயம். வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு டவுன் சர்வே வரைபடத்தையும் எடுத்து, கோட்டையிலிருந்து அந்த மனை எத்தனை மீட்டர் என்று பாருங்கள். வேலூர்க் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பழங்காலச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அளப்பது மதிலிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. எந்த சர்வே எண் வரை என்பதைத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் விண்ணப்பிக்கலாம். பலருக்கும் பிடிபடாத இடம் இது: பழைய வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டால் பழுது பார்க்க அங்கே எதுவும் இல்லை. பின்னால் வகுப்பறை கட்டலாம் என்ற யோசனை இருந்தால் அதுவும் போயிற்று. மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த 200 மீட்டரில் புதிதாகக் கட்டவும் திருப்பிக் கட்டவும் வழி உண்டு, அனுமதி வாங்கித்தான்.

மனை 300 மீட்டருக்கு வெளியே இருந்தாலும் இடிப்பதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் சுவர் ஒன்றே. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. இரண்டு வீட்டு விட்டங்களும் அதே சுவருக்குள் முனை பதித்து, ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும். உங்கள் பக்கத்து விட்டத்தை உருவினால் சுவரில் வரிசையாக ஓட்டைகள். அந்தப் பக்கம் எப்போதும் வீட்டின் உட்புறமாகவே இருந்ததால் மழை தாங்கும் பூச்சு அதற்குக் கிடையாது. ஐப்பசி மழை அதில் இறங்கினால் சாந்து கரையும், அண்டை வீட்டு விட்டத்தின் முனை அந்த ஈரத்திலேயே உளுக்கும், கரையான் ஏறும். ஜே.சி.பி. அதிர்வில் அன்றே விரிசல் விடாவிட்டாலும் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கூரை தொங்கும். வழக்கு உங்கள் பெயரில் வரும்.

சந்தேகமிருந்தால் இப்போதே அண்டை வீட்டாரின் ஒப்புதலோடு, இருக்கிற விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, தேதி எழுதிப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. பின்னால் யார் காரணம் என்ற பேச்சு வரும்போது இதுதான் சாட்சி.

எங்கள் பரிந்துரை: முன்பக்கம் 50 அடியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கக் கொல்லை 40 அடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 40க்கு 40, அதாவது 1,600 சதுர அடி. பின்சந்து இருந்தால் அதில் கேட் வைத்து 45, 50 டூவீலர் நிறுத்தலாம். உங்கள் ஆசிரியர், ஊழியர் வண்டிகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும், பள்ளி மைதானமும் பிள்ளைகளுக்கே மிஞ்சும். முன்பக்கத்தை அலுவலகம், நூலகம் ஆக்குங்கள். திண்ணையில் காத்திருக்கும் பாட்டி தாத்தாக்கள் உட்காரட்டும். வெயிலூர் என்று பெயரெடுத்த ஊரில் நிழலுக்கு வேறு செலவு எதற்கு?

கொல்லைத் தரையை சிமென்ட் போட்டு மூடாதீர்கள். நாலு அங்குலம் ஜல்லி இறுக்கி, ஒன்றரை அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் கருங்கல் பலகையோ பேவர் கல்லோ இடைவெளி விட்டுப் பதித்து, சந்துகளில் பொடிக்கல் சிப்ஸ் கொட்டினால் மழைநீர் இறங்கும். தரை வாட்டம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, 60 அடிக்கு ஓர் அடி. சுண்ணாம்புச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குக் கல்லே போடாமல் விடுங்கள். சிமென்ட்டைச் சுவர் வரை கொண்டுபோனால் தரையடி ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரில் ஏறும், உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து கொட்டும். அதை மறைக்க சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். பழுதுக்குச் சுண்ணாம்பே வேண்டும். வேப்பமரம் இருந்தால் அடியைச் சுற்றி ஐந்தடி மண்ணாகவே இருக்கட்டும். கிணற்றை மூட வேண்டாம், கைப்பிடிச் சுவரும் பூட்டுப் போட்ட இரும்புக் கிராதியும் போதும். கொல்லையில் இடிக்க வேண்டிய பழைய கழிப்பறை, கொட்டகை இருந்தால் மாநகராட்சி அனுமதியோடு ஆளை வைத்து மேலிருந்து கீழாக, புரட்டாசிக்குள் முடியுங்கள்.

பள்ளி பஸ் இருந்தால் மெயின் ரோட்டிலேயே நிற்கட்டும். 18 அடித் தெருவில் பஸ் திரும்பும்போது பின்பக்கம் வீசும்; திண்ணை முனையும் தூணும் உடைவது அதனால்தான், சாக்கடை மேலுள்ள கல் பலகைகள் பிளப்பதும் அந்தச் சக்கரத்தில்தான்.

இதையெல்லாம் ஒரே நாளில் நிரந்தரமாக்க வேண்டாம், முதலில் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு தெருவில் குறிப்பிட்ட வகை வண்டிகளைக் கட்டுப்படுத்த அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் இடம் தருகிறது. கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழ் அறிவிப்பு கூடத் தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். மாட்டுப்பொங்கல், ஆண்டுத்தேர்வு எதுவும் குறுக்கிடாத ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் கூட்டு மனு கொடுங்கள். கையெழுத்து பள்ளியுடையது மட்டுமாக இருந்தால் மனு கிடப்பில் போகும். தெருக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்ட், கவுன்சிலர் மூன்று தரப்பும் போடட்டும்.

அந்த மாதத்தில் வாரம் ஒரு நாள் பழைய நோட்டிலேயே மறுபடி எண்ணுங்கள். எந்த ஐந்து நிமிடத்திலும் தெருவில் 80 டூவீலருக்கு மேல் நிற்காமல், 4.30க்குள் தெரு காலியாகிவிட்டால் அந்த இரண்டு வீடுகளையும் வாங்கத்தான் வேண்டுமா என்று குழு நிதானமாகப் பேசலாம். எண்ணிக்கை அதைத் தாண்டினால் முதலில் பாருங்கள், எந்தத் தவணையில் கூடுகிறது என்று. பெரும்பாலும் 3.50 தவணையாகத்தான் இருக்கும், முந்தியதில் தாமதமானவர்களும் பிந்தியதில் அவசரப்பட்டவர்களும் அதில் வந்து சேர்வதால். கடைசி மணியை 4.15க்குத் தள்ளி, 3.50ஐ 3.55 ஆக்கினால் முதல் இரண்டு தவணைகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும்.