ஒரு வீடு, மூன்று பங்கு: வெளிநாட்டில் படிக்கும்போது சேர்ந்து தங்குவது பற்றிக் கேள்வி பதில்

எனக்கு நீடாமங்கலம் பக்கம். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தில் மூன்று வருடம் முதுகலை படித்தேன். அந்த மூன்று வருடமும் ஆட்களோடு சேர்ந்தே தங்கினேன். தனியாக ஒரு மாதம்கூட இருந்ததில்லை, அதற்குக் காசும் இல்லை. அக்கா இங்கிலாந்தில் படித்தவர். சித்தப்பா மகன் கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிறான். போன மாதம் மன்னார்குடியில், பிள்ளைகளை அனுப்பப் போகிற பெற்றோரும் கிளம்பத் தயாராக இருக்கும் மாணவர்களும் கூடியிருந்தார்கள். அங்கே சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் பாதிக்குத்தான் பதில் சொல்ல நேரம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்று பேர் சேர்ந்து தங்கினால் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்கிறான் பையன். அப்படியானால் விசாவுக்காக வங்கியில் போடச் சொல்லும் பணத்தையும் குறைத்துப் போடலாமா தம்பி? (ஒரு தந்தை, வலங்கைமான்)

முடியாது ஐயா. ஜெர்மனிக்கு 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது முடக்கப்பட்ட கணக்கில் இருக்கும், மாதம் 992 யூரோ மட்டும் கைக்கு வரும். உங்கள் மகன் மூன்று பேரோடு தங்கினாலும் முப்பது பேரோடு தங்கினாலும் அவனுக்கான தொகை அதுதான். கனடாவிலும் இப்படித்தான். 2025 செப்டம்பர் முதல் தனி ஆளுக்கு 22,895 கனடிய டாலர். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். கியூபெக் மாகாணத்துக்கு மட்டும் கணக்கு வேறு.

அப்புறம், மூன்றில் ஒரு பங்கு என்பதும் பையனின் ஆசைக் கணக்கு. வாடகை, மின்சாரம், இன்டர்நெட் இவற்றைப் பிரிக்கலாம். மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும், அதில் பங்கு கிடையாது. செமஸ்டர் கட்டணம், செல்போன், குளிர்கால ஜாக்கெட் எல்லாம் அவனவன் தலையில்தான்.

என் கணக்கைச் சொல்கிறேன். மூன்று அறை வீடு, வாடகை 690 யூரோ, என் பங்கு 230. அதே தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருந்த நண்பன் 340 கொடுத்தான். சாப்பாடு சேர்ந்து சமைத்தபோது ஆளுக்கு 120 ஆனது. பரீட்சைக் காலத்தில் அவனவன் தனியாகச் சாப்பிட்ட மாதங்களில் அது 190 வரை போனது. மின்சாரத்தையும் இன்டர்நெட்டையும் சேர்த்தால் மாதம் 200 யூரோவுக்குக் கொஞ்சம் கூடவே மிச்சம். நம் காசுக்குச் சுமார் 20,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை, ஆனால் மூன்றில் இரண்டு பங்கும் இல்லை. கெம்னிட்ஸ் வாடகை குறைவான ஊர் என்பதையும் கணக்கில் வையுங்கள். மியூனிக் போகிற பையனுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.

வார்ம் வாடகை, கோல்டு வாடகை என்கிறார்களே, எதைப் பார்த்துப் பேச வேண்டும்? (மாணவர், கும்பகோணம்)

கோல்டு என்பது வெறும் வீட்டுக்கு. வார்ம் என்றால் ஹீட்டர், தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு எல்லாம் சேர்த்தது. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இதற்கும் வெளியே இருக்கும். அதனால் வார்ம் தொகையைக் கேட்டு வாங்கி, மின்சாரம் உள்ளேயா வெளியேயா என்று தனியாகக் கேளுங்கள்.

பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில். ஹீட்டருக்கும் தண்ணீருக்கும் மாதாமாதம் நீங்கள் கொடுப்பது முன்பணம்தான். வருடம் முடிந்ததும் உண்மையில் எவ்வளவு செலவானது என்று கணக்குப் போட்டு, கூடுதலாக இருந்தால் வசூலிப்பார்கள். அந்தக் கணக்கை அனுப்ப வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. எங்களுடன் இருந்த ஒருவன் மார்ச் மாதம் காலி செய்துவிட்டு ஸ்டுட்கார்ட் போய்விட்டான். அடுத்த வருடம் நவம்பரில் 310 யூரோவுக்குக் காகிதம் வந்தது. அந்தக் கணக்கு வருடத்தில் அவன் இருந்த மூன்று மாதமும் குளிர் மாதம், அவன் பங்கு 60. நல்ல பையன், கொடுத்துவிட்டான், ஆனால் நான்கு மாதம் கழித்து. இடையில் நான் கேட்கவும் கூச்சப்பட்டேன், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு யார் காலி செய்தாலும் அவர்களுடைய அட்வான்ஸில் 100 யூரோவைப் பிடித்து வைத்து, கணக்கு வந்த பிறகு மீதியைத் தருவது என்று எழுதிக்கொண்டோம்.

ஒருவர் பெயரில் ஒப்பந்தம் போட்டு, மற்றவர்கள் அவரிடம் மாதாமாதம் கொடுத்தால் போதாதா? (மாணவர், திருவாரூர்)

போதும், அந்த ஒருவர் நீங்களாக இல்லாத வரை. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான் ராத்திரி முழித்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் சேர்ந்து தங்க மூன்று வழி இருக்கிறது. முதல் வழியில் ஒருவர் மட்டும் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போட்டு, மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவார். இதற்கு வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். மற்றவன் பணம் தராவிட்டாலும் அந்த ஒருவர் முழு வாடகையைக் கட்டியே ஆக வேண்டும். இரண்டாவது, எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது. நியாயமாகத் தோன்றும், ஆனால் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவன் கைவிரித்தால் அவன் பங்கையும் உங்களிடம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கிறது. நடுவில் ஒருவன் மட்டும் தனியாக விலகவும் முடியாது, வீட்டுக்காரர் சம்மதித்து ஆள் மாற்றினால்தான் உண்டு. மூன்றாவது, அறைக்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் போடுவது. மாணவர் விடுதிகளில் இதுதான் முறை. கிடைத்தால் இதையே எடுங்கள், மாதம் இருபது யூரோ கூடுதலானாலும் பரவாயில்லை. முதல் செமஸ்டர் மாணவனுக்கு அடுத்தவன் கடனைச் சுமக்கிற தெம்பு இருக்காது.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரியாது. மூன்று மாதக் கோல்டு வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்கலாம்.

வீட்டு முகவரியைப் பதிவு செய்யாமல் இருந்தால் 50 யூரோ குறைத்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். (மாணவர், பாபநாசம்)

வேண்டாம். குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். வீடு தருபவர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் பதிய முடியாது. பதியாவிட்டால் வரி எண் வராது, விசா நீட்டிப்பு சிக்கலாகும். 50 யூரோவுக்காக இதில் விழாதீர்கள்.

நம் பக்கத்துப் பையன்களாகவே பார்த்துச் சேர்த்துவிட முடியுமா? வெளி ஆட்கள் என்றால் பயமாக இருக்கிறது. (ஒரு தந்தை, ஊர் வேண்டாம் என்றார்)

நம் பக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது ஐயா. மொழியும் சாப்பாடும் என்றால், முதல் ஆறு மாதம் தமிழ்ப் பையன்களோடு இருப்பது நல்லதுதான். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துத் தர ஆள் வேண்டும். சாதி என்றால், அந்தப் பொருத்தம் பார்த்துச் சேர்ந்த வீடு ஒன்று பாத்திரம் கழுவாத சண்டையில் மூன்றே மாதத்தில் உடைந்ததை நானே பார்த்தேன். அங்கே பார்க்க வேண்டியது வேறு. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவான்? வாடகைத் தேதிக்குப் பணம் தருவானா? குளியலறையைத் துடைப்பானா? என் மூன்று வருடத்தில் சொன்ன தேதிக்குப் பணம் தந்தவர்களில் முதல் ஆள் ஒரு கொலம்பியப் பையன். அவனோடு பேசிப் பேசித்தான் எனக்கு ஜெர்மனே வந்தது.

வீட்டைப் பார்க்காமலே முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள். இங்கிருந்து போய்ப் பார்க்கவும் முடியாது. என்ன செய்வது அண்ணா? (மாணவி, மயிலாடுதுறை)

அனுப்பாதேம்மா. வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவார் என்று கதை சொன்னால் அது மோசடிதான். அந்தக் கதை வருடாவருடம் ஆள் மாற்றி வருகிறது. அதே கல்லூரியில் படிக்கும் சீனியர் ஒருவரிடம், வீட்டை நேரில் போய்ப் பார்த்து வீடியோவில் காட்டச் சொல். முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்குப் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் இடம் எடுத்துவிட்டு நேரில் தேடு. அதற்கும் முன்னால், சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிடு. வரிசை நீளம், இன்று போட்டால் இன்றைய இடம், அவ்வளவுதான். பெண்கள் மட்டும் தங்கும் வீடுகளும் விளம்பரத்தில் தனியாகக் கிடைக்கும்.

தம்பி, நெய்யும் கருவாடும் கொடுத்தனுப்பலாமா? மூன்று பேருக்கும் ஆகுமே. (ஒரு தாய், நாகப்பட்டினம்)

நெய் கூடாது அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சி சார்ந்த எதையும் வெளிநாட்டுப் பயணி பையில் கொண்டுபோகக் கூடாது. பால்கோவாவும் இதில் மாட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கு நோயில்லை என்ற அரசுச் சான்று வேண்டும், அது ஆகிற காரியமில்லை. காயவைத்துப் பொடியாக்கிக் கொடுங்கள். ஆச்சரியம் என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் வகைகள் 20 கிலோ வரை போகலாம். ஆனால் வறுத்தால் புகை அலாரம் அடிக்கும், பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் தட்டுவார். எனக்கு அனுபவம் உண்டு. குழம்பாக வைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து.

சமையலை எப்படிப் பிரித்தீர்கள்? சைவம் சாப்பிடுகிறவன் ஒருவன் இருந்தால்? (மாணவர், தஞ்சாவூர்)

ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிறு பொது. சமைத்தவன் பாத்திரம் கழுவ வேண்டாம். முதலில் சாமான் செலவை மூன்றாகப் பிரித்தோம். சைவக்காரன் கோழிக்கும் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை, முகம் மட்டும் வாடியது. பிறகு அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி பொது, கறியும் மீனும் சாப்பிடுகிறவன் செலவு என்று மாற்றினோம். அவனுக்கென்று ஒரு வாணலியும் வாங்கினோம். வாரத்தில் ஒருமுறை மாவு அரைத்தோம். குளிரில் புளிக்காது, அதனால் ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க மாவை உள்ளே வைப்போம். அடுப்பை மூட்டிவிடக் கூடாது. ஒருவன் மூட்டினான், பாத்திரம் நிறைய வெந்த மாவு.

ரேடியோ கட்டணம் என்று ஒன்று உண்டாமே, டிவி இல்லாவிட்டாலும்? (மாணவர், பட்டுக்கோட்டை)

உண்டு. ஜெர்மனியில் பொது ஒலிபரப்புக்காக வாங்குவது அது. மாதம் 18.36 யூரோ, டிவி இருக்கிறதோ இல்லையோ. ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று இல்லை. மூன்று பேர் என்றால் ஆளுக்கு 6.12. முகவரி பதிந்ததும் மூன்று பேருக்கும் தனித்தனிக் கடிதம் வரும். ஒருவர் கட்டிவிட்டு, அவருடைய கட்டண எண்ணை மற்றவர்கள் எழுதி அனுப்ப வேண்டும். நாங்கள் விளம்பரம் என்று நினைத்துக் கடிதங்களைக் குப்பையில் போட்டோம். எட்டு மாத பாக்கி சேர்ந்து வந்தது, தப்பு எங்களுடையது.

இங்கிலாந்து போகிறேன். நான்கு பேரில் ஒருவர் வேலை பார்க்கிறவர். ஏதாவது சிக்கல் வருமா? (மாணவி, சீர்காழி)

கவுன்சில் வரியில் வரும். நம் ஊர் வீட்டு வரி மாதிரி, உள்ளாட்சி வாங்குவது. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் அந்த வரியே இல்லை. வேலை பார்க்கிற ஒருவர் சேர்ந்தால் வரி வந்துவிடும், 25 சதவீதம் தள்ளுபடியோடு. அதை அவரே கட்டுவார் என்று முதல் நாளே பேசிவிடும்மா. அக்கா வீட்டில் இதைப் பேசாமல் விட்டு, கோடை விடுமுறை முழுக்க முகம் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். உன் படிப்பு முடிகிற தேதிக்குப் பிறகு நீயும் மாணவி இல்லை என்பதையும் நினைவில் வை. அட்வான்ஸ் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உனக்குத் தகவல் தர வேண்டும்.

இரண்டு அறையில் ஐந்து பேர் இருந்தால் இன்னும் மிச்சமாகுமே? (மாணவர், மன்னார்குடி)

ஆகும், கண்டுபிடிக்கும் வரை. இங்கிலாந்தில் வெவ்வேறு குடும்பத்து ஆட்கள் ஐந்து பேர் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்தால் அந்த வீட்டுக்கு உரிமம் வேண்டும். ஜெர்மனியில் ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை ரகசியமாக வைத்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லலாம். ஈரமும் ஒரு பிரச்சினை. ஐந்து பேர் சோறு வடித்து, துணியையும் உள்ளேயே காயப்போட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி வைத்தால் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். காலி செய்யும் நாளில் அதற்கு அட்வான்ஸில் கழிப்பார்கள்.

கனடாவில் வீட்டுக்காரர் மேலே, நாங்கள் பேஸ்மென்டில். சமையலறை பொது. பரவாயில்லையா? (மாணவர், திருத்துறைப்பூண்டி)

ஒன்டாரியோவில் கொஞ்சம் யோசி தம்பி. வீட்டுக்காரரோடோ அவர் குடும்பத்தோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால், வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக உனக்குப் பொருந்தாது. நாளைக்கே காலி செய் என்றால் வாதாட இடம் குறைவு. தனிச் சமையலறை உள்ள பேஸ்மென்ட் கொஞ்சம் கூடுதல் வாடகையானாலும் அதைப் பார். அட்வான்ஸாகக் கடைசி மாத வாடகைக்கு மேல் அங்கே கேட்கக் கூடாது.

கணக்கை எப்படி வைத்துக்கொள்வது? ஆப் போதுமா? (மாணவர், கும்பகோணம்)

ஸ்பிளிட்வைஸ் நல்லது, நாங்களும் வைத்திருந்தோம். வாங்கிய அன்றே பதிய வேண்டும், மாதம் ஐந்தாம் தேதி பைசல் செய்ய வேண்டும். பத்து சென்ட் வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிறவனோடு எந்த ஆப்பும் உதவாது.

ஒரு சந்தேகம் மட்டும் எங்களுக்குள் கடைசிவரை தீரவில்லை. ஜெர்மனியில் பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் தருவார்கள். குடித்தவன் காசா, தூக்கிக்கொண்டு போனவன் காசா? பெருங்காயம் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு என்று விட்டுவிட்டோம்.