கடையில்தான் முட்டை கிடைக்கிறதே, வீட்டில் ஏன் கோழி வளர்க்கிறீர்கள்? குளிர்ப் பகுதியில் அது சரிப்படுமா?

முட்டைக்காக என்று சொன்னால் பொய். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை இட்டாலே பெரிது. நாமக்கல் முட்டை நீலகிரியில் எங்கள் கோத்தகிரி கடைகளில் எந்நாளும் கிடைக்கிறது. நான் கோழி வளர்ப்பது, அது அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க.

இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்பக்கம் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கோழி வளர்த்தது. எனக்கு 7 வயதில் இன்னும் முட்டையிடாத ஒரு விடைக்கோழியைக் கையில் கொடுத்து, "இது உன் கோழி, நீதான் பாக்கணும்" என்றது. அந்தக் கோழி முதன்முதலாகக் கேறிக்கொண்டு முட்டையிடக் கூடையைத் தேடிய அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது எனக்கு 56. திருப்பூரில் வேலை பார்த்த 4 வருஷம் தவிர, கோழி இல்லாத வீட்டில் நான் இருந்ததில்லை.

முட்டையிட்டு முடித்த கோழிக்குக் குணமே மாறிவிடும். கூடையை விட்டு எழாது. கிட்டே போனால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, தொட்டால் தோல் கொதிக்கும். அதுதான் அடை வைக்கிற நேரம். சமவெளியில் 13, 15 என்று வைப்பார்கள். இந்தக் குளிரில் ஓரத்து முட்டை ஆறிப்போகும் என்பதால் நான் 9க்கு மேல் வைப்பதில்லை. 7ஆம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தால், சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். ஒன்றுமே தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடுவேன். கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும். அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, அடுப்புச் சாம்பலில் புரண்டு, மூடுபனிக்குள் ஓடிவந்து மறுபடி படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அப்பாயி யாரையும் கூடைப் பக்கம் விடாது. 19, 20ஆம் நாளில் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு கத்தும். தாய் தொண்டைக்குள்ளேயே மெதுவாகப் பதில் சொல்லும். ஓடு உடைவதற்கு முன்பே இரண்டும் பேசிக்கொள்கின்றன. இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சரி, குளிர். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கும். இறகைப் பொங்கவிட்டு உட்கார்ந்தால் மார்கழிப் பனியைத் தாங்கிவிடும். கோழியால் தாங்க முடியாதது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூட்டுத் தரை நனைந்தே கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். என் கூடு தரையிலிருந்து 2 அடி உயரத்தில் பலகையில் நிற்கிறது, உள்ளே காய்ந்த மரத்தூள். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கால் அடைக்காதீர்கள். எச்சத்தின் நெடி உள்ளேயே தங்கிச் சளி பிடிக்கும். கூரையை ஒட்டிக் காற்றுப் போக ஒரு சந்து வேண்டும்.

ஒரு தடவை சந்தையில் வாங்கிய 2 கோழிகளை அன்றைக்கே மற்றவற்றோடு விட்டேன். வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் வந்துவிட்டது. 10 நாளில் 23 கோழிகளில் 20 போய்விட்டன. தப்பு முழுக்க என்னுடையது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது. அப்புறம், புதுக்கோழி எதுவானாலும் 3 வாரம் தனிக்கூடு. அந்த நோய் வராமல் இருக்க, குஞ்சுக்கு 7ஆம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணில், 8ஆம் வாரம் இறக்கையில் தடுப்பூசி. இதில் மட்டும் சோம்பல்படக் கூடாது.

விடியும்போது தேயிலைக்கு அப்பால் சோலையிலிருந்து சாம்பல் காட்டுச்சேவல் கூவும். என் சேவல் விடாமல் பதில் கூவும். வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் பல கோழிகளுக்கு இருக்கும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் இந்தச் சாம்பல் காட்டுக்கோழி வழியில் வந்தவை என்று 2008இல் மரபணு ஆய்வில் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, மஞ்சள்கால் பெட்டை எதைப் பார்த்தாலும் சோலைக்காரன் வீட்டு உறவு என்றே தோன்றுகிறது.

இப்போதும் ஒரு மஞ்சள்கால் பெட்டை 9 முட்டையோடு படுத்திருக்கிறது. இன்று 19ஆம் நாள். காலையில் ஒரு முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. சாயங்காலம் மறுபடி பார்க்க வேண்டும்.