தகு வகுத்திகளை வேகமாகக் கண்டுபிடிப்பது எப்படி?

தகு வகுத்திகளை, அதாவது ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும், அந்த எண் அல்லாத எண்களைக் கண்டுபிடிக்க, எண்ணின் பாதி வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் உங்கள் நிரல் பெரிய எண்களில் திணறுகிறது என்கிறீர்கள். வர்க்கமூலம் வரை போனாலே போதும். வகுத்திகள் ஜோடியாகவே வரும். 36-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2 கிடைத்தவுடன் 18-உம் கைக்கு வந்துவிடுகிறது, 3-க்கு 12, 4-க்கு 9. 6-க்கு ஜோடி 6-தான், அதை இருமுறை சேர்த்துவிடாதீர்கள். 1-இன் ஜோடியான 36-ஐ விட்டுவிட வேண்டும். தன்னைத் தவிர்த்தவையே தகு வகுத்திகள். (1 என்ற எண்ணுக்கோ ஒன்றுமே இல்லை. இதைத் தனியாகச் சோதியுங்கள்.)

பைத்தானில் முழுவெண் வர்க்கமூலச் சார்பு 3.8 பதிப்பு முதல் உண்டு; அதையே நம்புங்கள். சி, ஜாவாவில்தான் உண்மையான ஆபத்து: 46341-இன் வர்க்கம் குறியுடைய (எதிர்ம எண்களையும் ஏற்கும்) 32 பிட் முழுவெண்ணில் அடங்காது. ஆகவே வர்க்கமூலத்தைத் தாண்டிவிட்டோமா என்று பார்க்க, வகுத்தியை வர்க்கப்படுத்தி எண்ணோடு ஒப்பிடாமல், எண்ணை வகுத்தியால் வகுத்து, வரும் ஈவை வகுத்தியோடு ஒப்பிடுங்கள்.