பெங்களூரு வீட்டு வாசலில் ஆஷ் மரம் வருமா?

கேள்வி: மிச்சிகனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தத் தெருவில் மிச்சமிருந்த ஒரே ஒரு ஆஷ் மரத்தைப் பார்த்தேன். அக்டோபரில் இலையெல்லாம் மஞ்சளும் கருஞ்சிவப்புமாக மாறி அவ்வளவு அழகு. எங்கள் வீடு ராமமூர்த்தி நகரில், மேற்குப் பார்த்த வாசல். முன்னால் 15 அடி இடம் காலியாக இருக்கிறது, மின்கம்பி எதிர்ச்சாரியில் போகிறது. சாயங்கால வெயில் ஹால் வரைக்கும் வந்துவிடுகிறது. டிசம்பரில் மகள் வரும்போது ஆஷ் விதை கொண்டுவரச் சொல்லலாமா?
- பணி ஓய்வு பெற்ற வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. முதல் காரணம் சட்டம். வெளிநாட்டு விதையோ கன்றோ, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது.

சரி, எப்படியோ விதை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆஷ் குளிர்நாட்டு மரம். விதை முளைக்கவே ஈரத்தோடு இரண்டு மூன்று மாதக் குளிர் வேண்டும். அதை ஃபிரிட்ஜில் வைத்து ஏமாற்றிவிடலாம், மரத்தை ஏமாற்ற முடியாது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, குளிர் தீர்ந்த பிறகு துளிர்ப்பது அதன் பழக்கம். நம் ஊர் ஜனவரி ராத்திரி பதினைந்து டிகிரியில் நின்றுவிடும், அந்த உறக்கத்துக்கு அது போதாது. நீங்கள் ரசித்த நிறமும் பகல் சுருங்கி, இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் வரும். இந்தியாவிலும் ஆஷ் இனங்கள் உண்டு, ஆனால் அவை காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில்தான். வெப்பம் தாங்கும் மெக்சிகோ ஆஷ் ஒன்று இருக்கிறது. அதன் வேர் மேலாக ஓடி நடைபாதையைத் தூக்கும். 15 அடி முற்றத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு ஆஷ் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்றை 2002இல் மிச்சிகனில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு ஆஷ் மரப் பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து சுரங்கம் போடும், மரத்துக்குள் நீரும் சத்தும் ஓடுவது தடைபடும். வளர்ந்த வண்டு வெளியேறிய துளை மூன்று மில்லிமீட்டர் அளவில், ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில D எழுத்து மாதிரி இருக்கும். கோடிக்கணக்கில் மரம் போய்விட்டது. நம்மூரில் கத்தரி, வெண்டைப் புழுவுக்கு அடிக்கிறோமே எமாமெக்டின் பென்சோயேட், அதை அங்கே அடிமரத்தில் ஊசியாக ஏற்றிச் சில மரங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, எல்ம் மரங்கள் நோயில் செத்த தெருக்களில் அதற்குப் பதிலாக வரிசையாக நட்டதே இந்த ஆஷைத்தான்.

அப்புறம், உங்களுக்கு வேண்டியது சாயங்கால நிழலும் இலை நிறமும். இரண்டும் இங்கேயே கிடைக்கும்.

நிழலுக்குப் புங்கை. பெங்களூரு நர்சரியில் ஹொங்கே என்று கேளுங்கள். கோடைக்கு முன்பே பழைய இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பளபளவென்று புதுத்தழையோடு நிற்கும். இலையில் சிறு முடிச்சுகள் வரும். சிலந்திப்பேன் வேலை அது, மருந்தடிக்க வேண்டாம். ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் நான்கைந்து வருடத்தில் ஹாலுக்கு நிழல் வந்துவிடும்.

நிறம்தான் முக்கியம் என்றால் பூமருது, இங்கே ஹொளெ தாசவாள. உதிர்வதற்கு முன் இலை செம்புநிறமாகும், கோடையில் ஊதாப் பூ. நாட்டு வாதுமை இன்னும் அருமையாகச் சிவக்கும். ஆனால் அகல இலை கொட்டி மழைநீர்க் குழாயை அடைக்கும், பழத்துக்கு வௌவால் வரும். கூட்டுகிற ஆள் இருந்தால் வையுங்கள். குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வேண்டவே வேண்டாம். ஏப்ரல், மே மழைக்காற்றில் இந்த ஊரில் முறிந்து விழுகிற மரங்களில் அவை எப்போதும் இருக்கும்.

உங்கள் இடத்துக்கு என் ஓட்டு புங்கைக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை சாயங்காலச் சூரியன் நேர் மேற்கில் இல்லாமல் கொஞ்சம் வடக்கே சாய்ந்து இறங்கும். அதனால் வாசலுக்கு நேராக நடாமல் வடமேற்கு மூலைப் பக்கம் தள்ளி நடுங்கள். காம்பவுண்டிலிருந்து 5 அடி உள்ளே, வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி. சம்ப்பையும் கழிவுநீர்க் குழாயையும் ஒட்டி வேண்டாம். இடத்தை இப்போதே யோசித்து முடிவு செய்துகொள்ளுங்கள். கர்நாடகத்தின் 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பிறகு வெட்டுவதென்றால் சொந்த மனையிலும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

ஜூன் மழை தொடங்கியதும் நடலாம். மூன்றடிக் குழி. தோண்டும்போது கட்டட இடிபாடுதான் முதலில் வரும், அதை மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு செம்மண், மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பைக்குள் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் அது வேண்டாம். முதல் இரண்டு கோடை மட்டும் வாரம் இரண்டு முறை நிறைய தண்ணீர். முற்றத்துக்கு டைல்ஸ் போட வருகிறவரிடம், மரத்தைச் சுற்றி நான்கடிச் சதுரம் மண்ணாகவே இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்டு வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டுப் போவார்.