குதிகால் ரத்தத்தில் என்சைம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 12 நாள் ஆகிறது. மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுத்தார்கள். இப்போது ஜி6பிடி என்சைம் குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆயுசுக்கும் மருந்து கொடுக்கணுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?"

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். இதே அட்டையில் பார்க்கும் கேலக்டோசீமியா (பாலிலுள்ள சர்க்கரையை உடம்பால் பயன்படுத்த முடியாத நோய்) என்றால் உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன். அது வேறு என்சைம், வேறு கதை. ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களை உடையாமல் காக்கும் என்சைம். அது குறைந்தால் ஆயுசுக்கும் மருந்து கிடையாது. சில பொருள்களை ஒதுக்கினால் போதும். ஆனால் முதலில் குறைவு உண்மைதானா என்று பார்க்க வேண்டும்.

உறைமோரைக் கண்ணால் பார்த்து அதன் வீரியத்தைச் சொல்ல முடியாது. பாலில் ஊற்றி, தயிர் உறைகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். என்சைம் பரிசோதனையும் அப்படித்தான். எவ்வளவு இருக்கிறது என்று அல்ல, எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறார்கள். சூட்டில் கிடந்த உறைமோர் போல, சூடும் ஈரமும் பட்டால் என்சைமும் செத்துவிடும். குழந்தையிடம் குறையே இல்லாமல் காகிதத்தில் குறைவு என்று வரும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற நம்ம மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அட்டையைப் படுக்கையாக, நிழலில், ஒன்றின் மேல் ஒன்று படாமல் மூன்று நான்கு மணி நேரம் காயவைக்க வேண்டும். பளிச்சென்ற சிவப்பு மங்கி அடர்ந்த பழுப்பாக மாறியபிறகுதான் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு கவரில் போடலாம். அவசரத்தில் ஈரத்தோடே பிளாஸ்டிக் கவரில் திணித்து, அது கூரியரில் இரண்டு நாள் வெந்தால் என்ன மிஞ்சும்? எத்தனை நாள் கழித்து லேபுக்குப் போனது என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

எப்படியும் உறுதிப்படுத்த நரம்பிலிருந்து புது ரத்தம் எடுத்து, குளிரில் வைத்து, அளவு சொல்லும் பரிசோதனையாகச் செய்ய வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று வரும். பச்சிளம் குழந்தைக்கு இயல்பிலேயே பெரியவர்களைவிடக் கூடுதலாக இருக்கும்; பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு 'நார்மல்' என்று வந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

தலைகீழாகவும் ஏமாற்றும். சிவப்பணுக்கள் உடையும்போது பழசுதான் முதலில் போகும். மிஞ்சுகிற இளசுகளில் என்சைம் அதிகம். ரத்தம் ஏற்றியிருந்தால் அளப்பது கொடுத்தவருடைய என்சைமையும் சேர்த்துத்தான். இரண்டிலும் 'நார்மல்' என்று வந்துவிடும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

அதுவரை குறைவு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்த தாத்தாவின் பழைய வேட்டியை எடுத்துப் பிள்ளையைச் சுற்றுவது நம்ம வழக்கம். அது வேண்டவே வேண்டாம். அந்த நாப்தலின் வாசனையே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். மருதாணியும் வேண்டாம். டாப்சோன், பிரிமாகுவின், நைட்ரோபுரன்டாயின் போன்ற மாத்திரைகளைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பால் கொடுக்கும் நீங்களும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். தடுப்பூசிகள் போடலாம். நெட்டில் பயமுறுத்துகிற ஃபாவா பீன்ஸ் நம்ம அவரைக்காயோ மொச்சையோ இல்லை, வேறு செடி. அதற்காக அவியலை நிறுத்தாதீர்கள்.

பயப்பட வேண்டியது காமாலைக்குத்தான். உள்ளங்கால் வரை மஞ்சள், பால் குடிக்காமல் துவண்டு தூங்குவது, கீச்சென்ற அழுகை, முதுகை வில்லாக வளைப்பது, பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில் மூத்திரம் — இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. இந்தக் குறை ஆண் பிள்ளைக்குத் தாய் வழியாகத்தான் வரும். உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தால், பிறந்தபோது கடுமையான காமாலை வந்ததா, எந்த மாத்திரையாவது சாப்பிட்டு ரத்தம் குறைந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தாய்மாமனுக்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடலாம்.