பஸ்ஸர்பீட்டர்ங்கற ஆன்லைன் பாஸ்கெட்பால் மேனேஜர் கேமோட டிராஃப்ட்ல (புது இளம் பிளேயர்களை டீம்கள் முறைவச்சு எடுக்கறது) இப்போ நல்லா ஆடறவனை எடுக்கறதா, பொட்டென்ஷியல் (எவ்வளவு தூரம் வளர முடியும்ங்கற எல்லை) அதிகம் உள்ளவனை எடுக்கறதா?

ரெண்டையும் பார்க்கறதுக்கு முன்னாடி, அடுத்த மூணு நாலு சீசனுக்கு உங்க டீம்ல எந்த ட்ரெய்னிங் ஓடப்போகுதுன்னு முடிவு பண்ணுங்க. டிராஃப்டோட பதில் அங்கதான் இருக்கு. அதை முடிவு பண்ணாம லிஸ்ட்டைத் திறந்தா மதிப்பீடு அதிகமா தெரியற பையன்தான் கண்ணை இழுப்பான், ரெண்டு சீசன் கழிச்சு அவனை வச்சு என்ன பண்றதுன்னே தெரியாது.

"பெஸ்ட் பிளேயரை எடு, பொசிஷனை அப்புறம் பாத்துக்கலாம்"னு பலபேர் சொல்வாங்க, அதுக்கு ஆதாரமா அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவோட 1984 டிராஃப்டைக் காட்டுவாங்க. போர்ட்லாண்ட் டீம்கிட்ட மைக்கேல் ஜோர்டன் ஆடற அதே பொசிஷன்ல ஏற்கனவே கிளைட் ட்ரெக்ஸ்லர் இருந்தாரு, அதனால ரெண்டாவது பிக்ல (எடுக்கற முறை) சென்டர் (கூடைக்குக் கிட்ட ஆடற உயரமான ஆள்) சாம் போவியை எடுத்தாங்க, மூணாவதா ஜோர்டன் சிகாகோவுக்குப் போயிட்டாரு. நிஜ பாஸ்கெட்பாலுக்கு அது சரியான பாடம்தான். ஆனா இந்த கேம்ல வாரத்துக்கு ஒரே ஒரு ஸ்கில்லைத்தான் ட்ரெய்ன் பண்ண முடியும், அதுவும் அந்த ட்ரெய்னிங்குக்கு உரிய பொசிஷன்ல ஆடினவனுக்குத்தான் போய்ச் சேரும், முழுப் பலன் வேணும்னா அந்த வாரத்துல 48 நிமிஷம் அங்க ஆடியிருக்கணும். நீங்க கார்டுகளை (வெளியே இருந்து பந்தைக் கொண்டுபோய் ஆடற பிளேயர்கள்) வளர்த்துட்டு இருக்கும்போது ஒரு அருமையான சென்டர் வந்தா, அவன் பெஞ்சுல உட்கார்ந்து வயசைத்தான் ஏத்திக்குவான்.

அதனால நான் முதல்ல பார்க்கறது உயரம். உயரமானவங்களுக்கு ரீபவுண்ட், இன்சைடு ஷாட், இன்சைடு டிஃபென்ஸ்னு கூடைக்குக் கிட்ட ஆடற ஸ்கில் எல்லாம் வேகமா ஏறும், குட்டையானவங்களுக்கு ஹேண்ட்லிங் (பந்தைக் கையாளறது), டிரைவிங் (பந்தோட கூடையை நோக்கிப் பாயறது), பாஸிங், அவுட்சைடு டிஃபென்ஸ் வேகமா ஏறும். 7 அடி பையனுக்குப் பாஸிங் சொல்லிக் கொடுக்க முடியாதுன்னு இல்ல, ஆனா அவனை கார்டு பொசிஷன்ல இறக்கி மேட்ச்சை ரிஸ்க் பண்ணணும், அப்படிப் பண்ணாலும் மெதுவாத்தான் ஏறும். 6 அடி 7 இன்ச் பக்கத்துல இருக்கற பையன்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ரெண்டு பக்கமும் ஓரளவு வேகமா வளருவாங்க, நல்ல ஸ்மால் ஃபார்வர்டு (உள்ளேயும் வெளியேயும் ஆடற நடுப்பட்ட பொசிஷன்) அங்கேருந்துதான் வருவான், ஆனா அதுக்குப் பொறுமை நிறைய வேணும், உள்ளே ஒரு சீசன் வெளியே ஒரு சீசன்னு மாத்தி மாத்தி ட்ரெய்ன் பண்ணணும்.

அடுத்தது வயசு. டிராஃப்ட்ல வர்றவங்க 18 இல்லன்னா 19. இந்த ஒரு வயசு வித்தியாசத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க, ஒரு சீசன்னா 14 வாரம், அதுவும் சின்ன வயசுலதான் ட்ரெய்னிங் நல்லா ஏறும். மத்ததெல்லாம் சமமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு 18தான்.

பொட்டென்ஷியலுக்கு வருவோம். கீழே அனௌன்சர்ல ஆரம்பிச்சு மேலே ஆல்டைம் கிரேட் வரைக்கும் போகுது. இது பிறக்கும்போதே எழுதின தலையெழுத்து, மாறவே மாறாது. நிஜ என்பிஏல நிக்கோலா யோக்கிச் 2014 டிராஃப்ட்ல 41வது பிக், அப்புறம் எம்விபி (சீசனோட மிகச் சிறந்த பிளேயர்) ஆனாரு, அந்த மாதிரி அதிசயம் இங்க குறைஞ்ச பொட்டென்ஷியல் உள்ளவனுக்கு நடக்காது, எல்லைக்கிட்ட வந்ததும் ட்ரெய்னிங் அப்படியே மந்தமாயிடும். அதுக்காக எம்விபி மாதிரி உயர்ந்த பொட்டென்ஷியல் லெவல் பையனைத்தான் தேடணும்னு அர்த்தம் இல்ல. கீழ் டிவிஷன்ல ஆடற டீமுக்கு ஸ்டார், ஆல்ஸ்டார் லெவலே தாராளம், அந்த எல்லையைத் தொடறதுக்கே சீசன் கணக்குல ட்ரெய்னிங் ஆகும். அதோட, ஒரே ஒரு ஸ்கில்லை உச்சத்துக்கு ஏத்தினா சம்பளமும் எகிறும், எல்லையும் சீக்கிரம் வந்துடும். எல்லா ஸ்கில்லையும் பரவலா வளர்த்தா அதே பொட்டென்ஷியல்ல ரொம்ப உபயோகமான பிளேயர் கிடைப்பான், இதை நிறையப்பேர் கவனிக்கறதே இல்ல.

இப்போதைய திறமை மதிப்பீட்டை நான் கடைசியாத்தான் பார்ப்பேன், ஏன்னா அது மொத்தமாச் சொல்லுதே தவிர எந்த ஸ்கில் எவ்வளவுன்னு எடுத்த பிறகுதான் தெரியும். உயரமான பையன் ஒருத்தன் நல்ல மதிப்பீட்டோட வருவான், திறந்து பார்த்தா பலம் முழுக்க ஹேண்ட்லிங்லயும் ஜம்ப் ரேஞ்சுலயும் (தூரத்துலேருந்து ஷாட் போடற திறமை) இருக்கும். சிலருக்கு அது வரம், வேகமா ஏறாத ஸ்கில் ஏற்கனவே கையில இருக்கு, மிச்சத்தை நீங்க சுலபமா ஏத்திக்கலாம். ஆனா சின்ன டீமுக்கு உடனே பலன் தெரியாது.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பெஸ்ட் பிளேயர் கட்சியோட நான் ஒத்துப்போவேன். உங்க பிக் முன்னாடியே வந்து, பொட்டென்ஷியல் ரொம்ப உயர்ந்த 18 வயசுப் பையன் இருந்தான்னா, உங்க ட்ரெய்னிங்குக்குப் பொருந்தாட்டியும் எடுங்க, எடுத்து மார்க்கெட்ல வித்துட்டு அந்தக் காசுல பொருத்தமானவனை வாங்குங்க, அங்க ஸ்கில்லெல்லாம் வெளிப்படையாத் தெரியும், வாங்கறது இன்னும் சுலபம்.

இன்னொண்ணு, டிராஃப்ட் நடக்கும்போது நீங்க உட்கார்ந்து எடுக்கப்போறது இல்ல, முன்னாடியே போட்டு வச்ச வரிசைப்படிதான் போகும். 16 டீம், 3 ரவுண்ட், 48 பையன்கள். மேல அஞ்சு பேரை மட்டும் அடுக்கிட்டு விட்டுடாதீங்க, ஸ்கவுட் பண்ணாத (முன்கூட்டியே விவரம் பார்க்காத) ஆளுங்களையும் வயசு, உயரம் பார்த்துக் கடைசிவரைக்கும் வரிசைப்படுத்திடுங்க.