கணினி கேள்வி–பதில்: கூடவே வந்தது எது, குடக்கூலிக்கு வந்தது எது?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன். தொழிற்சாலைக்கு அனுப்பும் பச்சை இலையின் எடையையும் பறிப்புக் கூலியையும் 2016-இல் வாங்கிய மடிக்கணினியில், எக்ஸெல்லில், அன்றாடம் குறித்து வருகிறேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் என் கணக்கு என்ன ஆகும்?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: கடைக்காரர் சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மடிக்கணினியில் அந்தச் செயலி இருக்க வழியில்லை. "புதிதாக வாங்குங்கள்" என்பது மட்டும் அவருடைய கருத்து. அவசரம் வேண்டாம் என்றால், வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை இதே விண்டோஸில் ஓட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் கேள்வியில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. எக்ஸெல் விண்டோஸின் உறுப்பு என்று நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். விண்டோஸுடன் உண்மையில் வருபவை நோட்பேட், பெயிண்ட், திரையைப் படம்பிடிக்கும் கருவி, எட்ஜ் உலாவி, டிஃபெண்டர் என்னும் நச்சுநிரல் காவல், ஒளிப்படங்களுக்கும் காணொளிக்கும் ஆளுக்கொரு நிரல் ஆகியவையே. கூட்டல் கழித்தல் செய்ய ஒரு கால்குலேட்டர் இருக்கிறதே தவிர, கணக்கு வைக்க எக்ஸெல் போன்ற ஒரு விரிதாள் கிடையாது. புதுக் கணினி வாங்கும்போது எக்ஸெல்லின் படம் திரையில் தெரிந்தால், அது முழு உரிமத்துடன் வந்ததா, சில வாரச் சோதனைக்கு மட்டும் வந்ததா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது வகை குடக்கூலிக்கு வந்தது. தவணை கட்டாத நாளில் உங்கள் கோப்பைப் பார்க்கலாம், திருத்த முடியாது.

லினக்ஸில் நிலைமை நேர்மாறானது. உங்களைப் போன்றவருக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். 2024-இல் வந்த அதன் 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. 4 ஜிபி நினைவகத்தில் தாராளமாக ஓடும். லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்பாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் அஞ்சல் நிரல் ஆகியவை நிறுவும்போதே வந்து உட்கார்ந்துவிடும். லிப்ரே ஆஃபீஸின் கால்க் என்னும் விரிதாள் உங்கள் எக்ஸெல் கோப்பை அப்படியே திறக்கும். கூட்டுத்தொகையும் தேதி வாரியான வடிகட்டலும் சரியாகவே வரும். யாராவது மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதி ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தால், அந்தப் பொத்தான் மட்டும் முரண்டு பிடிக்கக்கூடும்.

இதை நம்பி உடனே விண்டோஸை அழித்துவிட வேண்டாம். ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள மின்ட் கோப்பை இரவில் தரவிறக்கி, ஒரு பென் டிரைவில் துவக்க வட்டாக எழுதுங்கள். (மழைக்காலத்தில் மலையில் இணையம் எப்படி வரும் என்பது எனக்கும் தெரியும், ஊருக்குள் நல்ல இணைப்புள்ள நண்பர் வீட்டில் இறக்கிக்கொள்வது உத்தமம்.) கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து துவக்கினால், உள்ளே இருக்கும் வட்டில் ஓர் எழுத்தும் எழுதாமலேயே மின்ட் திரையில் வந்து நிற்கும். இப்போது கணக்குக் கோப்பு உள்ள இன்னொரு பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்து, சென்ற மாதத்து மொத்த எடையின் கூட்டுத்தொகை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்பதையும் அப்போதே சோதியுங்கள். என் வீட்டு லேசர் பிரிண்டர் லினக்ஸில் ஒரு நாள் முழுவதும் வாய் திறக்கவில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் கொடுத்திருந்த இயக்கி நிரல் அவ்வளவு பழையது. கணக்குக்கு டேலி பயன்படுத்துவதாக எழுதியிருந்தால், விண்டோஸிலேயே இருங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்.

கேள்வி: தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விரல்கள் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசைக்குப் பழகியவை. எந்த இயங்குதளத்தில் தமிழ் தொல்லையின்றி வரும்? பழைய கடிதங்கள் மகனின் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிவது ஏன்?
– வாசகி, குன்னூர்

பதில்: அம்மா, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தமிழ் கூடவே வருகிறது, வேறுபாடு விசைப்பலகையில்தான். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலும் 11-இலும் தமிழ்99, ஆங்கில எழுத்தொலியில் அடிக்கும் அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகை முறைகளும் உண்டு; ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸிலும் இவை நெடுங்காலமாக இருக்கின்றன. நீங்கள் பழகிய தட்டச்சுப் பொறி வரிசையோ, லினக்ஸில் எம்17என் என்னும் உள்ளீட்டுத் தொகுப்பைச் சேர்த்த மாத்திரத்தில் செலவின்றிக் கிடைத்துவிடும். விண்டோஸில் அதற்குத் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். நாற்பது ஆண்டுப் பழக்கத்தைத் தமிழ்99-க்காக மாற்றிக்கொள்ளும்படி உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய கடிதங்களைப் பொறுத்தவரை குற்றம் மகனின் கணினியுடையது அன்று. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் இருப்பவை ஆங்கிலக் குறியீடுகளே. அந்த எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழ் வேடம் தரிக்கும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன், எழுத்துரு இருக்கும் பழைய கணினியிலேயே கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள். மாற்றியதும் 'ஔ', 'ஸ்ரீ' வரும் இடங்களை ஒரு முறை கண்ணால் சரிபார்ப்பது நல்லது.

கேள்வி: கொடைக்கானலில் நான்கு அறைகள் கொண்ட தங்கும் விடுதி நடத்துகிறோம். மகள் ஆப்பிளின் மேக் மினி கணினி வாங்கித் தந்திருக்கிறாள். இனி எதுவும் வாங்க வேண்டியதில்லை என்கிறாள். உண்மைதானா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பெரும்பாலும் உண்மை. உடன் வரும் மென்பொருளைப் பொறுத்தவரை ஆப்பிளின் கை தாராளமானது: கடிதம் எழுதப் பேஜஸ், கணக்கு வைக்க நம்பர்ஸ், காட்சியுரைக்குக் கீநோட் ஆகிய மூன்றையும் 2017 முதல் எல்லா மேக் பயனர்களுக்கும் விலையின்றித் தருகிறது. இயங்குதளத்தின் புதுப் பதிப்புகளுக்கும் 2013 முதல் விலை கிடையாது. உங்கள் தொழிலுக்கு மிகவும் பயன்படக்கூடியது பிரிவ்யூ என்னும் எளிய நிரல். விருந்தினர் அனுப்பும் பிடிஎஃப் ஆவணங்களை ஒன்றாகச் சேர்ப்பது, பக்கத்தைத் திருப்புவது, கையொப்பம் இடுவது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். ரசீதைப் பேஜஸில் தயாரித்தால், அனுப்பும்போது பிடிஎஃப் ஆகவோ வேர்ட் கோப்பாகவோ மாற்றி அனுப்புங்கள். பேஜஸ் கோப்பாகவே அனுப்பினால் விண்டோஸ் வைத்திருப்பவர் அதைத் திறக்க வழி தெரியாமல் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

இன்னொரு சிக்கலும் எழும். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த வெளி வட்டை மேக் படிக்கும், அதில் எழுதாது. வட்டு பழுதாகிவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்த பின், எக்ஸ்ஃபாட் முறையில் மறுவடிவமைத்தால் இரண்டிலும் எழுதலாம்.

கேள்வி: உலாவியை இயங்குதளத்தோடு சேர்த்துக் கொடுத்ததற்காக ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்களாமே? இலவசமாகக் கொடுப்பது குற்றமா?
– கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: கொடுத்தது குற்றமாகவில்லை, சந்தையில் இருக்கும் பிடியைக் கொண்டு மற்றவரின் வழியை அடைத்தது குற்றமாயிற்று. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு பிணைத்தது உள்ளிட்ட செயல்களுக்காக 1998-இல் அமெரிக்க நீதித்துறை மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும்படி 2000-இல் வந்த ஆணையை மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஆனால் ஏகபோகத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற முடிவின் பெரும்பகுதி நின்றது. ஐரோப்பிய ஆணையம் 2004-இல் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் செய்தது. அந்தப் பதிப்பைச் சீந்துவார் இல்லை என்பது வேறு கதை; ஒரே விலையில் கிடைக்கும்போது குறைந்ததை யார் வாங்குவார்? பயனருக்கு உலாவித் தேர்வுத் திரையைக் காட்டுவதாகத் தந்த வாக்குறுதியை மீறியதற்காக 2013-இல் மேலும் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. வீட்டில் அண்ணனோ அக்காவோ வாங்கிய அத்தகைய கணினி இருந்தால், துவக்கும்போது வரும் தேர்வுப் பட்டியலைப் பாருங்கள். திறந்து பார்க்கப்படாமலே கிடந்த இரண்டாவது இயங்குதளம் அதில் இருக்கலாம்.

கேள்வி: புதுக் கணினியில், கடிதம் அடிக்க உதவும் வேர்ட்பேட் நிரலைக் காணவில்லை. எங்கள் பூண்டு வியாபாரக் கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.
– வாசகர், பூம்பாறை

பதில்: நீங்கள் எதையும் அழித்துவிடவில்லை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து வந்த வேர்ட்பேடை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். உங்கள் கடிதங்கள் ஆர்டிஎஃப் கோப்புகளாக இருக்கும்; விண்டோஸிலும் விலையின்றி நிறுவிக்கொள்ளக்கூடிய லிப்ரே ஆஃபீஸின் ரைட்டரில் அவை திறக்கும். முதலில் ஒரே ஒரு கடிதத்தைத் திறந்து, விலைப்பட்டியலின் பத்திகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள்.